முதலில் அந்தத் தொட்டியை நகர்த்து

அன்புள்ள செல்விக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

நீ அனுப்பிய தோட்டத்துப் படங்களைப் பார்த்தேன். செம்பருத்தியும் மல்லியும் நன்றாகத் தழைத்திருக்கின்றன. கைராசி உனக்கு ஆச்சியிடமிருந்து வந்தது, எனக்குக்கூட அவ்வளவு கிடையாது. சித்தியிடம் காட்டினேன், அவள் வாயே திறக்கவில்லை.

ஆனால் மூன்றாவது படத்தில் பாப்பா படியில் உட்கார்ந்திருக்கிறாளே, அவள் முழங்கையை ஒட்டி ஒரு தொட்டி இருக்கிறது. அகலமான பச்சை இலை, நடுவில் வெள்ளை தெளித்தாற்போல. நர்சரியில் டைஃபன்பேக்கியா என்பார்கள். அதை முதலில் நகர்த்து. இலையிலும் தண்டிலும் கண்ணுக்குத் தெரியாத ஊசி ஊசியாகக் கால்சியம் ஆக்சலேட் இருக்கிறது. கடித்தால் நாக்கும் உதடும் எரிந்து வீங்கிவிடும், பெரியவர்களுக்கே பேச்சு வராது. சேனைக்கிழங்கு அரிக்கிறதும் இதே சங்கதிதான். அதையாவது புளி போட்டு வேக வைக்கிறோம், இதை யார் வேக வைப்பது? தப்பித்தவறி வாயில் வைத்துவிட்டால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, தண்ணீரோ பாலோ கொஞ்சம் கொடுத்து டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடு. விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதே.

அப்புறம் காம்பவுண்ட் ஓரத்து அரளி. பூ, இலை, தண்டு, பால் எல்லாமே நெஞ்சைப் பிடிக்கிற விஷம். ஆடு மாடு வாய் வைக்காது என்றுதான் நான்குவழிச் சாலை நடுவில் வரிசையாக வைக்கிறார்கள். கேரளத்தில் 2024இல் தேவஸ்வம் போர்டு கோயில்களில் நைவேத்தியத்துக்கும் பிரசாதத்துக்கும் அரளிப்பூ வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். நம் வீட்டிலும் இருந்ததே என்பாய். இருந்தது, கொல்லைக் கடைசியில். உன்னையும் அண்ணனையும் அந்தப் பக்கம் நான் விட்டதே இல்லை. உன் வீட்டு அரளி, கிரகப்பிரவேசம் முடிந்த கையோடு மாப்பிள்ளை ஆசையாக வைத்தது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வெட்டு. கேட்க முடியவில்லை என்றாலும் பரவாயில்லை, வெட்டிவிடு. வெட்டியதை மட்டும் எரிக்காதே, புகையும் ஆகாது.

பக்கத்து காலி மனையில் வெள்ளையாகப் பூத்துக் கிடப்பது பார்த்தீனியம், மூச்சுக்கும் தோலுக்கும் ஆகாத களை. உனக்குச் சின்ன வயதிலேயே வீசிங். பெரியப்பா கை என்ன பாடுபட்டது என்று மறந்திருக்க மாட்டாய். மழை பெய்து மண் நெகிழ்ந்திருக்கும்போது, விதை விழுகிறதற்கு முன்னால், ஆளை விட்டு வேரோடு பிடுங்கச் சொல். விட்டுவிட்டால் ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை கொட்டும்.

தொட்டிக்கு அடியில் வைக்கிற தட்டைச் சும்மா கவிழ்த்தால் போதாது. டெங்கு கொசு முட்டை காய்ந்த தட்டிலேயே மாதக்கணக்கில் ஒட்டிக் கிடக்கும், தண்ணீர் பட்டதும் பொரிக்கும். வாரம் ஒரு தடவை நாரால் தேய்த்துக் கழுவு. பாப்பா உட்கார்ந்த படிக்குப் பக்கத்துத் தொட்டியை நகர்த்திவிட்டாய்தானே?

இன்னொன்று. போர்ட்டிகோவில் இடது பக்கம் செங்கலும் காலித் தொட்டியும் அடுக்கியிருக்கிறாய். அது பைக் நிற்கிற இடமாயிற்றே. சரி, அது இருக்கட்டும். அந்த அடுக்குக்குள் எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். கண்ணாடி விரியன் அசையாமல் கிடந்தால் சருகுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. ராத்திரி டார்ச் இல்லாமல் வெளியே இறங்காதே, எடுக்கிற தொட்டியைக் குச்சியால் தட்டிவிட்டு எடு. கடவுள் புண்ணியத்தில் ஒன்றும் நடக்காது, நடந்தால் கயிறு கட்டுவது, கீறுவது எதுவும் வேண்டாம். காலை அசைக்காமல் 108இல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. ராத்திரியில் கூப்பிட்ட குரலுக்கு வர வீட்டில் ஆள் இருக்கிறதா?

தீபாவளிக்கு வரவில்லை. பொங்கலுக்குப் பாப்பாவுக்குச் சளி என்றாய். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். கொய்யாக் கிளையை வெட்ட ஆளுக்குக் கூலி கொடுத்தேன் என்று நீ சொன்ன அன்றிலிருந்தே எனக்குத் தூக்கம் இல்லை. போன வருஷம் மாப்பிள்ளைதானே ஏறி வெட்டினார்? அலுவலகத்தில் வேலை அதிகமாக இருக்கும். நான் எதுவும் கேட்கவில்லை. வீட்டுக் கடன், பாப்பா, வேலை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு தோட்டமும் போட்டிருக்கிறாய். எத்தனை பேருக்கு வரும் அது? ஆனாலும் இவ்வளவு அழுத்தம் ஆகாது, செல்வி.

வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். கூப்பிடாமல் போகாதே என்கிறார் அப்பா. நீ கூப்பிடுகிற ரகமா? திரும்பி வர இன்னும் போடவில்லை, எத்தனை நாள் ஆகும் என்று அங்கே வந்து பார்த்துக்கொள்ளலாம். இட்லிப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் எடுத்து வைத்திருக்கிறேன். அரளியை நீ தொடாதே, நானே வெட்டிக்கொள்கிறேன். ரப்பர் கையுறை மட்டும் இரண்டு ஜோடி வாங்கி வை.

அன்புடன்,
அம்மா