குளிர்ச்சி வேறு, காற்றோட்டம் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுக் கொல்லைப்புறத்தில் ஒலித்தடுப்புடன் இசை ஸ்டுடியோ கட்டுகிறவர்கள் சுவருக்கு எத்தனை அடுக்கு ஜிப்சம் போர்டு, உள்ளே எந்த அடர்த்தியில் ராக்வூல் (பாறை இழைப் பஞ்சு), கதவுக்கு எந்த ரப்பர் என்று மாதக்கணக்கில் ஆராய்கிறார்கள். உள்ளே உட்காரப்போகிறவருக்குக் காற்று எங்கிருந்து வரும் என்று கேட்டால் மட்டும், “ஏசி போட்டுவிடலாம்” என்று முடித்துவிடுகிறார்கள். இந்தப் பதில் தவறு என்பதையும், அதைக் கட்டுமானத்துக்கு முன்பே திருத்திக்கொள்ளும் வழியையும் வாசகர்களுக்குச் சொல்லவே இக்கடிதம்.

ஒலி கசியாத அறை என்றால் காற்றும் கசியாத அறை. சாதாரண வீட்டில் கதவிடுக்கு, ஜன்னல் சந்து வழியாக நமக்குத் தெரியாமலே காற்று மாறிக்கொண்டிருக்கும். ஸ்டுடியோவில் அந்தச் சந்துகளையெல்லாம் தேடித்தேடி அடைத்துவிடுகிறோம். ஸ்பிளிட் ஏசியோ உள்ளே இருக்கும் காற்றையே இழுத்து, குளிர்வித்து, அதையே திருப்பி விடுகிறது. வெளிக்காற்றில் ஒரு துளிகூட அது கொண்டுவருவதில்லை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரம் உள்ள அறையின் கொள்ளளவு 50 கன மீட்டர். அமைதியாக உட்கார்ந்திருக்கும் ஒருவர் நிமிடத்துக்குச் சுமார் 0.3 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு வெளிவிடுகிறார். நான்கு பேர் என்றால் மணிக்கு 72 லிட்டர். அறை இறுக மூடியிருந்தால் மணிக்கு 1,400 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவு) வீதம் ஏறும். வெளிக்காற்றில் இருப்பது சுமார் 420 பி.பி.எம். இரண்டே மணி நேரத்தில் உள்ளே 3,000-ஐத் தாண்டிவிடும். பாடுகிறவரும் டிரம்ஸ் வாசிக்கிறவரும் இதைவிட அதிகமாகவே வெளிவிடுவார்கள். தலை கனக்கிறது, சுருதி நிற்கவில்லை, ஒரே இடத்தைப் பத்துமுறை எடுத்தும் சரியாக வரவில்லை என்கிற நாட்களில், குறை பாடகரிடம் இல்லாமல் காற்றில் இருக்க வாய்ப்பு அதிகம். உள்ளே சில்லென்று இருப்பதால் யாருக்கும் சந்தேகமே வராது.

ஆளுக்கு நொடிக்கு 10 லிட்டர் புதுக்காற்று என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. நான்கு பேருக்கு 40 லிட்டர், அதாவது மணிக்கு 144 கன மீட்டர். இந்த அளவு தொடர்ந்து வந்தால் கார்பன் டை ஆக்சைடு 900-ஐ ஒட்டி நின்றுவிடும்.

இனி ஒலியின் பக்கம். 10 சதுர மீட்டர் சுவர் 55 டெசிபல் ஒலியைத் தடுக்கிறது என்று வையுங்கள். அதில் 15 செ.மீ. விட்டத்தில் ஒரு ஓட்டை போட்டு வெறும் குழாயைச் செருகினால், அந்தச் சுவர் முழுவதுமாகத் தடுப்பது 28 டெசிபலைத் தாண்டாது. செலவழித்த அடுக்குகள் அத்தனையும் அந்த ஓட்டையிடம் தோற்றுப்போகும். ஜன்னல் ஏசி, சுவரில் பதித்த எக்ஸாஸ்ட் ஃபேன் இரண்டும் இங்கே உதவாததற்கு இதுதான் காரணம். எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு இன்னொரு குறையும் உண்டு. காற்று உள்ளே வர வழி வைக்காமல் அதை மட்டும் மாட்டினால் இறக்கை சுற்றும், காற்று நகராது. குழாய் வைத்த போர்ட்டபிள் ஏசியும் இதே கதைதான்: அறைக்காற்றை வெளியே தள்ளுவதால், எஞ்சியிருக்கும் இடுக்குகள் வழியாக வெளிப்புழுக்கத்தை உள்ளே இழுக்கும். தண்ணீர் ஊற்றும் ஏர் கூலரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மூடிய அறையில் அது ஈரத்தைக் கூட்டும், அவ்வளவுதான்.

காற்று போகவும் ஒலி நிற்கவும் வேண்டுமென்றால் அதற்கு ஒரு வழி உண்டு: காற்றை வளைத்து வளைத்து அழைத்துவரும் தடுப்புப் பெட்டி. 18 மி.மீ. எம்.டி.எஃப். (மரத்தூளை அழுத்திச் செய்த கனமான பலகை) அல்லது பிளைவுட்டை இரண்டு அடுக்காக வைத்துப் பெட்டி செய்து, உள்ளே மூன்று குறுக்குப் பலகைகளை ஒன்றுவிட்டு ஒன்று எதிரெதிர்ப் பக்கம் இடைவெளி விட்டுப் பொருத்த வேண்டும். காற்று பாம்புபோல் நெளிந்து நான்கு பாதைகளைக் கடக்கும். உட்பரப்பு முழுதும் 25 மி.மீ. கனத்தில், மேலே துணி ஒட்டிய ராக்வூல் அல்லது டக்டுக்கென்றே, அதாவது காற்றுக் குழாய்க்கென்றே, வரும் கண்ணாடி இழைத் தகடு ஒட்ட வேண்டும். இதைத்தான் லைனிங் என்பார்கள். வெறும் ஃபோம் ஒட்டக் கூடாது. அது எளிதில் தீப்பிடிக்கும், நச்சுப்புகை விடும். துணி இல்லாத ராக்வூலையும் ஒட்டக் கூடாது. இழை பறந்து மூச்சில் கலக்கும்.

பாதையின் அளவில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். லைனிங் போக மிச்சமிருக்கும் இடைவெளி 20-க்கு 30 செ.மீ. இருந்தால், நொடிக்கு 40 லிட்டர் காற்று அதில் நொடிக்கு 0.7 மீட்டர் வேகத்தில்தான் போகும். அந்த வேகத்தில் காற்றின் இரைச்சல் காதுக்கே எட்டாது. இதே காற்றை 10 செ.மீ. குழாயில் திணித்தால் வேகம் நொடிக்கு 5 மீட்டரைத் தாண்டும். வேகம் இரட்டித்தால் காற்றோட்ட இரைச்சல் 15 முதல் 18 டெசிபல் வரை கூடும் என்பதால், அது மைக்கில் ‘ஸ்ஸ்ஸ்’ என்று தெளிவாகப் பதியும். பெட்டியோடு சேரும் குழாய் 20 செ.மீ. விட்டமாவது இருக்கட்டும். குறுகிய குழாயிலிருந்து விரிந்த பெட்டிக்கு ஒலி நுழையும்போது ஒரு பங்கு திரும்பி எதிரொலித்துவிடுவது கூடுதல் லாபம். அறைக்குள் காற்று வாயில் பொருத்தும் கிரில்லை வாங்கும்போது வெளியளவைப் பார்த்து ஏமாற வேண்டாம். கம்பிகள் அடைப்பது போகத் திறந்திருக்கும் பரப்பே கணக்கு. 30-க்கு 30 செ.மீ. கிரில் இந்த அளவு காற்றுக்குப் போதும்.

மேலே சொன்ன அளவுகளில் செய்யும் பெட்டி வெளிப்புறமாக ஏறத்தாழ 115 செ.மீ. நீளம், 72 செ.மீ. அகலம், 42 செ.மீ. உயரம் வரும். எம்.டி.எஃப். என்றால் எடை 90 கிலோவை நெருங்கும். ஜிப்சம் கூரையில் இதைத் தொங்கவிட முடியாது. தாங்குவதற்குச் சட்டகம் முன்கூட்டியே வேண்டும். எடையைக் குறைக்கலாமே என்று ஓர் அடுக்கை விட்டுவிடுவதும் ஆகாது. பெட்டி என்பது சுவரின் தொடர்ச்சி. சுவருக்கு இருக்கும் கனம் பெட்டிக்கும் இல்லையென்றால் ஒலி அதன் பலகை வழியாகவே வெளியேறும்.

உள்சுவர், வெளிச்சுவர் என இரட்டைக் கட்டுமானமாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனிப் பெட்டி. வரும் காற்றுக்கு இரண்டு, போகும் காற்றுக்கு இரண்டு, ஆக நான்கு. இரண்டு பெட்டிகளை இரும்புக் குழாயால் இணைத்துவிட்டால் இரு சுவரும் ஒன்றோடொன்று கட்டப்பட்டதுபோல் ஆகி, அதிர்வு தாராளமாகக் கடக்கும். நடுவில் வளையும் ரப்பர் அல்லது கனமான வினைல் இணைப்புதான் வர வேண்டும். அலுமினிய ஃபிளெக்ஸ் குழாயை மட்டும் நம்பாதீர்கள், ஒலி அதைத் துளைத்துக்கொண்டு போகும். ஒலிப்பதிவாளர் உட்காரும் கன்ட்ரோல் ரூமுக்கும் பாடும் அறைக்கும் ஒரே டக்டைக் கிளை பிரித்து விடுவதும் கூடாது. ஒரு அறையின் பேச்சு மறு அறையின் மைக்கில் கேட்கும்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். 25 மி.மீ. லைனிங் குரலையும் டிரம்ஸின் சிம்பல் தட்டு ஒலியையும் நன்றாக விழுங்கும். பேஸ் கிட்டாரையும் கிக் டிரம்மையும் விழுங்காது. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 7 மீட்டர். அதை அடக்குவது பலகையின் கனம், பாதையின் நீளம், பெட்டியின் விரிவு மூன்றும்தான். பேஸ் அதிகமாக வாசிக்கும் அறை என்றால் லைனிங்கை 50 மி.மீ. ஆக்கி, பெட்டியை அதற்கேற்பப் பெரிதாக்குங்கள். பாதையைக் குறுக்கி அந்த இடத்தைப் பிடிக்காதீர்கள்.

ஃபேன் அறைக்குள் வேண்டாம். வெளிப்பெட்டிக்கும் அப்பால், மழை படாத கூண்டில், ரப்பரில் தொங்கவிட்ட இன்லைன் ஃபேனாக (குழாயின் இடையிலேயே பொருத்தும் ஃபேனாக) இருக்கட்டும். அப்போது அதன் சத்தம் உள்ளே வர இரண்டு பெட்டிகளையும் தாண்ட வேண்டியிருக்கும். ஃபேன் அட்டையில் போட்டிருக்கும் காற்றளவு தடையில்லாத நிலையில் எடுத்தது. ஃபில்டரும் வளைவுகளும் தடுக்கும்போது எவ்வளவு தரும் என்பதை நிறுவனம் தரும் ஃபேன் வரைபடத்தில் 100 பாஸ்கல் (காற்றழுத்த அளவு) இடத்தில் பாருங்கள். பெரிய ஃபேனை மெதுவாக ஓட்டுவது சின்ன ஃபேனை முழுவேகத்தில் ஓட்டுவதைவிட எப்போதும் அமைதி. காற்று எடுக்கும் வாயும் விடும் வாயும் 3 மீட்டராவது தள்ளியிருக்கட்டும். எடுக்கும் வாய் வண்டி நிறுத்துமிடத்தையோ ஜெனரேட்டரையோ பார்த்திருக்கக் கூடாது.

இனிதான் ஏசி. இதன் கணக்கிலும் ஒரு பிழை தொடர்ந்து நடக்கிறது. தரைப்பரப்பை வைத்து டன் முடிவு செய்கிறார்கள். கனமான சுவருள்ள இந்த அறையில் வெயிலின் பங்கு குறைவு. ஆளும் கருவியும் புதுக்காற்றுமே பெரிய சுமை. நான்கு பேர் சுமார் 480 வாட், கணினி, ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் எல்லாம் சேர்ந்து 800 வாட், விளக்கு 100, சுவர் கூரை வழியே ஒரு 500 என்று வைப்போம். கருவி இழுக்கும் மின்சாரம் கடைசியில் முழுவதும் வெப்பமாகத்தான் மாறுகிறது என்பதை மறக்க வேண்டாம். வெளியே 34 டிகிரி வெப்பம், 60 சதவீத ஈரப்பதம்; உள்ளே வேண்டியது 25 டிகிரி, 50 சதவீதம் என்றால், அந்த 40 லிட்டர் புதுக்காற்றைப் பதப்படுத்த மட்டும் சுமார் 1,600 வாட் குளிர்விப்பு தேவை. மொத்தம் 3,480 வாட். ஒரு டன் என்பது 3,517 வாட். கிட்டத்தட்டப் பாதிச் சுமை புதுக்காற்று கொண்டுவருவது, அதிலும் பெரும்பங்கு ஈரம். மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீரை அந்தக் காற்றிலிருந்து பிழிந்தெடுத்தாக வேண்டும்.

ஆகவே ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று இரண்டு டன் போடுவது கெடுதல். அறை சீக்கிரம் குளிர்ந்து கம்ப்ரஸர் நின்றுவிடும், ஈரம் அப்படியே நிற்கும். தெர்மாமீட்டர் 24 காட்டும், உடம்பு பிசுபிசுக்கும், தோல் வாத்தியங்கள் தளரும், கிட்டாரின் மரம் உப்பும். இசைக்கருவிகளுக்கு ஏற்ற ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம். ஆள் குறைந்தால் தானும் அடங்கி ஓடும் இன்வெர்ட்டர் ஏசியே பொருத்தம். இயன்றால் வெளியேறும் குளிர்காற்றைக் கொண்டே உள்ளே வரும் காற்றின் வெப்பத்தையும் ஈரத்தையும் குறைக்கும் இ.ஆர்.வி. கருவியை இடையில் வையுங்கள். அது 60 சதவீதம் மீட்டாலே மேற்சொன்ன 1,600 வாட் 640 ஆகிவிடும். ஈரமான தட்பவெப்பத்தில் வெப்பத்தை மட்டும் மாற்றும் எச்.ஆர்.வி. இந்த வேலையைச் செய்யாது; வாங்கும்போது பெயரைச் சரியாகப் படியுங்கள். தனியாக ஈரம் உறிஞ்சும் கருவி வைத்தால், அது விடும் வெப்பத்தையும் ஏசி சுமக்க வேண்டும்.

புதுக்காற்று வரும் கிரில், ஏசி காற்றை உறிஞ்சும் இடத்துக்கு அருகில் இருக்கட்டும். வெளியேறும் கிரில் எதிர்மூலையில், கருவி அடுக்குக்கு மேலே, கூரையை ஒட்டி. வெப்பமும் ஈரமும் மிகுந்த இடங்களில் உள்ளே வரும் காற்று போவதைவிடச் சற்றே மிகுந்திருப்பது நல்லது. இல்லாவிட்டால் வெளிக்காற்று சுவரிடுக்கில் புகுந்து குளிர்ந்த உள்பலகையில் வியர்க்கும். முதலில் வாடை வரும், பிறகு பூஞ்சை. மேலே சொன்ன 34 டிகிரிக் காற்று 25 டிகிரிக்குக் கீழுள்ள எந்தப் பரப்பைத் தொட்டாலும் நீர் கோத்துக்கொள்ளும். குளிர் நாடுகளில் இது நேரெதிர்.

ஏசி குழாய்க்குப் போடும் ஓட்டை 7 செ.மீ. போதும். உள்சுவர் ஓட்டையும் வெளிச்சுவர் ஓட்டையும் நேருக்கு நேர் வராமல் தள்ளிப் போட்டு, சுற்றிலும் இறுகாத அக்கூஸ்டிக் சீலன்ட்டால் (ஒலித்தடுப்புப் பசையால்) அடையுங்கள். சிமென்ட் பூசினால் அதிர்வு சுவருக்கு ஏறும். வடிநீர்க் குழாய் மீட்டருக்கு ஒரு செ.மீ. சரிவாகப் போகட்டும். அதுவும் ஒரு திறந்த துளைதான் என்பதால் வெளிமுனையில் நீர் நிற்கும் ஒரே ஒரு வளைவு வையுங்கள். இரண்டு வைத்தால் நடுவில் காற்று சிக்கி நீர் அறைக்குள் சொட்டும். வெளி யூனிட்டை ஸ்டுடியோ சுவரில் மாட்டாமல் தரையில் தனி மேடையில் வையுங்கள். பல ஏசிகளில் குளிரூட்டியாக வரும் ஆர்32 வாயு மெல்லத் தீப்பற்றக்கூடியது. மூடிய சிறு அறைக்கு நிறுவனம் தரும் குறைந்தபட்சத் தரைப்பரப்பு அளவைப் படித்துவிட்டே வாங்குங்கள்.

வேலை முடிந்ததும் ஊதுவத்திப் புகையை இரண்டு கிரில்களிடமும் காட்டினால் காற்று போகும் திசை தெரிந்துவிடும். பிறகு அகச்சிவப்புக் கதிரால் அளக்கும் கார்பன் டை ஆக்சைடு மீட்டர் ஒன்றை உட்காரும் உயரத்தில், ஆள் மூச்சு நேரே படாத இடத்தில் வைத்து, நான்கு பேருடன் இரண்டு மணி நேரம் கதவைத் திறக்காமல் பாருங்கள். எண் 1,000-ஐ ஒட்டி நின்றால் சரி. ஏறிக்கொண்டே போனால் ஃபில்டர், கிரில், ஃபேன் என்ற வரிசையில் தேடுங்கள். பதிவின்போது சத்தத்துக்குப் பயந்து ஏசியைச் சில நிமிடம் நிறுத்தலாம். புதுக்காற்று ஃபேனை நிறுத்தக் கூடாது. அதை விளக்குச் சுவிட்சோடு இணைக்காமல், ஆள் வெளியேறிய பிறகும் அரை மணி நேரம் ஓடும்படி டைமரில் விடுங்கள்.

கட்டட வரைபடம் போடும் பொறியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஸ்டுடியோ என்று கேட்டு வருகிறவரின் வரைபடத்தில் கதவையும் மின்புள்ளியையும் குறிப்பதற்கு முன் இந்த நான்கு பெட்டிகளுக்கு இடம் குறித்துவிடுங்கள். சுவர் எழும்பி ஜிப்சம் ஒட்டிய பிறகு இடம் தேடினால், கிடைப்பது 10 செ.மீ. குழாய்க்கான இடம்தான்.

இப்படிக்கு,
ஒலிப்பதிவு அறைகள் அமைக்கும் பணியில் உள்ள சிலர்