மூன்று பாக்கெட் தக்காளி

லெஸ்டர், இங்கிலாந்து
5 மார்ச் 2023

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். நலமறிய ஆவல். சிலிண்டர் விலை 50 ரூபாய் ஏறி 1,100-ஐத் தாண்டிவிட்டது என்று போனில் வருத்தப்பட்டீர்களே, அதே நினைப்பாக இருக்கிறது. இங்கேயும் அதே பாடுதான்.

இங்கே கேஸ் சமையலுக்கு மட்டுமில்லை. குளிக்க வெந்நீர், வீட்டுக்குள் சூடு எல்லாமே அதில்தான். எங்கள் வீட்டில் முன்கூட்டியே பணம் கட்டும் மீட்டர். கரண்டுக்கு ஒரு சாவி, கேஸுக்கு ஒரு கார்டு. தெருமுனைக் கடையில் பணம் ஏற்றி வந்து செருக வேண்டும். ஒன்றும் எரிக்காவிட்டாலும் தினமும் ஒரு தொகை கழிந்துகொண்டே இருக்கும். பனியில் வேலை முடிந்து வந்து, மிச்சம் எவ்வளவு என்று மீட்டரைப் பார்த்த பிறகுதான் கோட்டைக் கழற்றுகிறேன். ஹீட்டர் காலையில் ஒரு மணி நேரம், இரவில் ஒரு மணி நேரம். முன்பெல்லாம் பாய்லர் இருக்கும் அலமாரியில் இட்லி மாவை வைத்தால் விடிவதற்குள் பொங்கிவிடும். இப்போது இரண்டு நாளானாலும் அப்படியே கிடக்கிறது.

2021 அக்டோபரில் சராசரிக் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 1,277 பவுண்டு என்றிருந்த கேஸ், கரண்டு கணக்கு, உக்ரைன் போருக்குப் பிறகு அரசாங்கம் ஒரு பங்கைத் தாங்கியும் 2,500 ஆகிவிட்டது. வீட்டுக்கு 400 பவுண்டு தவணையாகத் தந்தார்கள்; இந்த மாதத்தோடு அதுவும் முடிகிறது. நம் ஆரல்வாய்மொழி போல இங்கும் காற்றாலைகள் நிறைய. ஆனாலும் சந்தையில் கரண்டு விலை பெரும்பாலும் கேஸ் விலையை ஒட்டியே ஏறுகிறது.

பில்லோடு போனால் பரவாயில்லை அம்மா. ரொட்டி சுடும் அடுப்புக்கும் பாலைக் குளிர வைக்கவும் அதே செலவுதானே. உரம்கூடக் கேஸிலிருந்துதான் செய்கிறார்கள். போன அக்டோபரில் விலைவாசி அதற்கு முந்தைய அக்டோபரைவிட 11.1 சதவீதம் ஏறியிருந்தது, 41 வருஷத்தில் இல்லாத ஏற்றம். நேற்று கடையில் ஆளுக்கு மூன்று பாக்கெட் தக்காளிதான் என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். ஸ்பெயினிலும் மொராக்கோவிலும் குளிரில் விளைச்சல் போய்விட்டதாம். இங்கே கண்ணாடிக் கூடாரங்களில் சூடேற்றித் தக்காளி வளர்க்கிறவர்களோ, கேஸ் செலவு கட்டுப்படியாகாமல் நடவைத் தள்ளிப்போட்டிருக்கிறார்கள். ரசத்துக்கு ஒரு பாக்கெட் எடுத்துக்கொண்டு வந்தேன்.

இந்த மாதம் பணம் கொஞ்சம் குறைவாகத்தான் வரும், மன்னியுங்கள். ஆனால் சிலிண்டரை மிச்சம் பிடிக்கிறேன் என்று விறகடுப்புக்குப் போய்விடாதீர்கள். அந்தப் புகை உங்கள் மூச்சிரைப்புக்கு ஆகாது. அடுத்த சிலிண்டருக்கு நானே தனியாக அனுப்புகிறேன்.

அன்பு மகள்