சாட்சிக் கையெழுத்துக்கு நீ வரவேண்டும்

அன்புள்ள சாமு,

ஓராண்டாக எழுதாததற்கு நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை, நீயும் எழுதவில்லை. வீட்டில் எல்லோரும் நலம். என் முழங்காலைப் பற்றிக் கேட்காதே.

தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனிலிருந்து (உங்களுக்குச் சாம்பல் புதன்) ஒருவேளை உணவோடு இருந்து வருகிறேன். அறுபதைத் தாண்டியவனுக்கு நோன்புக் கடமை இல்லை என்று திருச்சபையே விட்டுவிட்ட பிறகும் இருக்கிறேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. அந்தக் கர்வத்தோடுதான் போன வாரம் குருவானவரிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். வழக்கமான பட்டியலைச் சொல்லி முடித்து, அக்காவோடு பேச்சுவார்த்தை இல்லை என்பதையும் போகிற போக்கில் சேர்த்தேன். நம் பழைய கணக்குப்படி மூன்று பரலோக மந்திரத்தோடு விட்டுவிடுவார் என்று பார்த்தால், அந்த இளம் குருவானவர் ஏன் பேச்சில்லை என்று கேட்டார். அப்பாவின் நிலமான விளையில் அவள் பங்கை நான் எழுதி வாங்கியதுதான் காரணம் என்று சொன்னதும், "விளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்களா?" என்றார். பாவசங்கீர்த்தன இரகசியம் அவரைத்தான் கட்டும், என்னைக் கட்டாது. ஆகையால் உனக்குச் சொல்கிறேன். எனக்குக் கடுங்கோபம் வந்தது.

1916ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டம் மகளுக்கு மகன் பங்கில் கால்பகுதி அல்லது ஐந்தாயிரம் ரூபாய், இவற்றில் எது குறைவோ அதைத்தான் கொடுத்தது என்பதும், மேரி ராய் வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் இனிச் செல்லாது, 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு என்று தீர்ப்பளித்ததும் உனக்குத் தெரியும். எனக்கும் தெரிந்திருந்தது. தெரிந்ததனால்தான், "சீதனம் கொடுத்தாயிற்றே" என்று பேசிப் பேசி 1999இல் அக்காவிடம், தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கினேன். ரேகை வைத்த பெருவிரல் மையை அவள் தலைமுடியில் துடைத்துக்கொண்டே பதிவு அலுவலகப் படியிறங்கியது உனக்கு நினைவிருக்கிறதா? சாட்சியாகக் கையெழுத்திட்டவன் நீ. பிறகு நாம் இருவரும் ரசவடை தின்றோம்.

அன்று இரவு கோபத்தோடு வேதாகமத்தைப் புரட்டினேன். லேவியர் ஆறாம் அதிகாரத்தில் வரிசை தெளிவாக இருக்கிறது: பறித்ததை முழுமையாகவும் அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு கூட்டியும் உரியவருக்குக் கொடுத்த பிறகுதான் ஆட்டுக்கடாவைக் குருவிடம் கொண்டுவரச் சொல்கிறது. அறுபது சென்ட் விளையில் அவள் பங்கு முப்பது, அதோடு ஆறு. நற்செய்தியில் வரும் வரிதண்டுபவன் சக்கேயுவைப் போல நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காகக் கொடுப்பதென்றால் நூற்றிருபது சென்ட் ஆகும். மீதிக்கு உன் நிலத்தைத்தான் கேட்கவேண்டும். புனித அகுஸ்தினாரும் மாசிடோனியுஸ் என்ற உரோமை அதிகாரிக்கு எழுதிய கடிதத்தில், திருப்பிக் கொடுக்க முடிந்தும் கொடுக்காதவன் மனம் வருந்துவதாக நடிக்கிறான் என்ற கருத்தைச் சொல்கிறார். நடிப்பு என்ற சொல் என் ஒருவேளைச் சாப்பாட்டின் மேல் வந்து விழுந்தது.

என்னைத் தூங்கவிடாமல் செய்தவன் இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசு. யோசித்துப் பார், அவன் மனம் வருந்தினான், குற்றமற்றவரைக் காட்டிக்கொடுத்தேன் என்று வாய்விட்டு அறிக்கையிட்டான், முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொடுத்தான். எங்கள் ஞானோபதேசம் கேட்கும் மூன்றும் அங்கே இருக்கின்றன. ஆனால் போய் நின்றது தலைமைக் குருக்களிடம். அவர்களோ, அது உன் பாடு என்று கைவிரித்தார்கள். காட்டிக்கொடுக்கப்பட்டவர் முன் அவன் போய் நிற்கவே இல்லை. ஆண்டுதோறும் கோவிலுக்கு ஓடி, நாலு தெரு தள்ளியிருக்கும் அக்கா வீட்டு வாசலை மிதிக்காத நான் வேறென்ன செய்தேன்? நீ சிரிக்காதே, உங்கள் சபையில் எல்லோரும் சேர்ந்து ஒரே மூச்சில் பாவ அறிக்கையை வாசித்து முடித்துவிடுகிறீர்கள், உங்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்கக்கூட ஆள் இல்லை. மத்தேயு 25இல் வரும் இறுதித் தீர்ப்பின் நடுவர் எத்தனை நாள் நோன்பிருந்தாய் என்று எவரையும் கேட்கவில்லை என்பது இத்தனை காலம் வாசித்தும் என் கண்ணில் படவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, சாமு.

ஞாயிறன்று அக்கா வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னாள், கட்டன்சாயா கொடுத்தாள். விளையைப் பற்றி நான் சொல்லி முடிக்கும்வரை பேசவில்லை. பிறகு, "கிணற்றடிச் செவ்விளநீர் நிக்குதா?" என்று மட்டும் கேட்டாள். அவள் பிறந்தபோது அப்பா வைத்த தென்னை அது. கார் கொட்டகைக்காக நான் வெட்டி எட்டு வருடமாகிறது. அதற்கு ஐந்தில் ஒரு பங்கை எந்தக் கணக்கில் கூட்டுவது?

பத்திரம் எழுதுபவர் தானசெட்டில்மென்ட் என்றுதான் தலைப்பு வரும், 'பிரியத்தினால் தானமாக' என்ற வாசகமும் இருந்தாக வேண்டும் என்கிறார். எடுத்ததைக் கொடுப்பதற்குத் தானம் என்று பெயரா என்று கேட்டேன்; பதிவாளரிடம் அதற்கு வேறு சொல் இல்லையாம்.

குருத்தோலை ஞாயிறு கழிந்த செவ்வாய்க்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். முதல் பத்திரத்தில் சாட்சியாக இருந்த நீ இதிலும் இருக்கவேண்டும். ஆதார் அட்டையின் அசலைக் கொண்டுவா, நகலோடு வந்து நிற்காதே. முதல் நாளே வந்துவிடு; மீன் கிடையாது, நோன்புக் கஞ்சிதான். தானத்தை ஏற்றதாக அக்காவும் கையெழுத்திட வேண்டும். வருகிறேன் என்று அவள் இன்னும் சொல்லவில்லை. அவள் உன் பேச்சைக் கேட்பாள். திங்களன்று மாலை என்னோடு ஒருமுறை அவள் வீட்டுக்கு வா.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்