அது பந்தயம் இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் 'அமெரிக்காவில் பொம்மைக் குதிரைப் பந்தயம்' என்று ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தீர்கள். நான் ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியன். மகள் வீட்டோடு சின்சினாட்டியில் இருக்கிறேன். பதினொரு வயதுப் பேத்தியுடன் இந்தப் போட்டிக்கு இரண்டு முறை போய்வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அங்கே எந்தக் குதிரையும் ஓடாது. வைத்த இடத்தில் நிற்கும். நடுவர்தான் சுற்றிச் சுற்றி வருவார்.

தபால்தலைக் கண்காட்சி பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஓரத்துப் பல் ஒன்று உதிர்ந்தால் தபால்தலையின் மதிப்பு இறங்கிவிடும் அல்லவா? இங்கே காது நுனியில் பெயின்ட் உரசியிருந்தால் அதே கதி. ஆனால் விஷயம் அதோடு நிற்பதில்லை. உயிருள்ள குதிரையாகவே பாவித்து, கால் மூட்டு சரியாக மடங்குகிறதா, இந்த இனத்தில் இந்த நிறம் உண்டா என்றெல்லாம் பார்ப்பார்கள். கம்பெனி பெயின்ட்டோடு இருப்பவை ஒரு பிரிவு. வாங்கியபின் நிறமோ உருவமோ மாற்றியவை வேறு பிரிவு.

முதல் போட்டி ஒரு சர்ச் ஹாலில். நூலில் கோத்த சின்ன அட்டையைக் குதிரையின் காலில் கட்ட வேண்டும். பெயர், இனம், ஆணா பெண்ணா, யாருடையது எல்லாம் அதில் இருக்கும். எங்கள் குதிரைக்குப் பெயர் மின்னல். நான் சும்மா இருந்திருக்கலாம். முதல் நாள் இரவு, ஆயுத பூஜைக்குச் சைக்கிளைத் துடைப்பதுபோல, தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் அதைத் துடைத்துவைத்தேன். பளபளவென்று இருந்தது. காலையில் ஹால் வெளிச்சத்தில் பார்த்தால் முதுகு முழுக்க என் விரல் ரேகை, வயிற்றடியில் சோபாப் பஞ்சு. "தாத்தா, எண்ணெய் தேச்சீங்களா?" என்றாள். பாத்ரூமில் சோப்பு நுரையால் கழுவி, டிஷ்யூ பேப்பரில் ஒற்றி எடுத்து, ஓட்டமாக ஓடி மேஜையில் வைத்தோம். ஆறு இடத்துக்குள் வரவில்லை.

எண்ணெய்தான் கெடுத்தது என்று நான் குன்றிப்போய் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேஜைப் பெண்மணி அட்டையைப் பார்த்துவிட்டு, காரணம் அதுவல்ல என்றார். பேத்தி 'அரேபியன்' என்று எழுதியிருந்தாள். அரேபியக் குதிரைக்கு நெற்றிக்குக் கீழே முகம் குழிந்து இறங்கும். மின்னலுக்கு முகம் நேர்கோடு, கழுத்தும் தடி. "மார்கன் என்று போட்டுப் பாருங்கள்" என்றார். அது ஒரு அமெரிக்கக் குதிரை இனம். இனத்தைச் சொல்வது நம் இஷ்டம், ஆனால் உடம்பு அதற்குச் சாட்சி சொல்ல வேண்டும். நம் நாட்டுக் குதிரை என்று மார்வாரி போடலாம் என்றுதான் அவள் முதலில் கேட்டாள். மார்வாரிக்குக் காது நுனிகள் உள்நோக்கி வளைந்து ஒன்றையொன்று தொடும், இதற்கு எட்ட எட்ட நிற்கிறதே என்று நான்தான் தடுத்தேன். அந்த மட்டுக்கும் ஒரு புண்ணியம்.

இரண்டாவது போட்டியில் மார்கன் வகுப்பு. நான்காம் இடம், வெள்ளை ரிப்பன்.

இதற்குப் பெரிய பணம் வேண்டியதில்லை. பொம்மைக் குதிரை செய்யும் பிரேயர் கம்பெனியின், நிஜக் குதிரையில் ஒன்பதில் ஒரு பங்கு அளவுள்ள குதிரை ஐம்பது டாலர் சொச்சம். உள்ளங்கையில் அடங்கும் சின்னவை பத்து டாலருக்குள் கிடைக்கும், அவற்றுக்கும் தனி வகுப்பு உண்டு. ஒரே ஒரு குதிரை, அதன் இனத்தைப் பற்றி நாலு பக்கம் படிப்பு, தொடங்க இது போதும். சேணம், கடிவாளம் மாட்டி பொம்மை ஆள் ஏற்றிக் காட்டும் வகுப்பைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம். ஏறுபவர் கால் வைக்கும் அங்கவடி புளியங்கொட்டை அளவுதான் இருக்கும்; அதை மாட்டுவதற்குள் என் மூக்குக் கண்ணாடி இரண்டு முறை கழன்று விழுந்தது. அப்புறம், அடுத்தவர் குதிரையைத் தொடவே கூடாது. நம் முழங்கை பட்டு ஒன்று சாய்ந்தாலும் வரிசையே சரியும்.

உங்கள் பெட்டிச் செய்தியில் எழுதியிருந்த கென்டக்கி மாநில விழா, லெக்சிங்டனில் 1990 முதல் பிரேயர் கம்பெனி ஜூலை மாதங்களில் நடத்துவது. தேசியப் போட்டி வேறு. தகுதிப் போட்டிகளில் முதல் இரண்டு இடம் பிடிப்பவைதான் அதற்குப் போக முடியும். மின்னலுக்கு இன்னும் தூரம் இருக்கிறது.

'பந்தயம்' என்ற ஒரு சொல்லை மட்டும் திருத்தி ஒரு வரி போடுங்கள். ஊரிலிருந்து தம்பி அந்தத் துண்டை வெட்டித் தபாலில் அனுப்புவான். பேத்திக்குக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்,
திருமங்கலம் (தற்போது சின்சினாட்டி, ஓஹையோ)