டப்பாவின் அடியில் ஒட்டிய பொட்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காரிமங்கலத்திலிருந்து எழுதுகிறேன். என் மாமனார் காலத்திலிருந்து எங்கள் வீட்டில் உங்கள் பேப்பர்தான். அவர் போன பிறகும் நிறுத்தவில்லை. போன ஞாயிறு இணைப்பில் வந்த அழகுக் கட்டுரையில் ஒரு வரி இருந்தது. பெண்கள் மேக்கப் போடுவதே ஆண்கள் பார்க்கத்தான், ஆனால் ஆண்களுக்குப் பிடிப்பது மேக்கப் இல்லாத முகம்தான் என்று. நாலைந்து ஆண்களிடம் கேட்டு எழுதியிருக்கிறார்கள். ஒரு பெண்ணிடமாவது கேட்டிருக்கலாம். அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை.

நான் 2006லிருந்து 16 வருடம் தர்மபுரியில் ஒரு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் நின்றவள். நின்றவள் என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். காலை ஒன்பதரைக்குப் போனால் ராத்திரி ஒன்பது வரை நிற்க வேண்டும். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது உங்களுக்குத் தெரியாததில்லை. எங்களுக்கும் ஸ்டூல் வந்தது, ஆனால் உட்கார்ந்தால் கூப்பிட்டுத் திட்டுவார்கள். சரி, அது இருக்கட்டும். காலையில் உள்ளே நுழையும்போதே சூப்பர்வைசர் முகத்தைப் பார்ப்பார். பவுடர், கண் மை, பொட்டு, தலையில் பூ, லேசாக லிப்ஸ்டிக், இதில் ஒன்று குறைந்தாலும் "கஸ்டமர் வர்ற இடத்துக்கு இப்படியா வருவாங்க" என்று எல்லார் முன்னாலும் கேட்பார். இது எல்லாம் வாங்கக் காசு எங்கள் சம்பளத்திலிருந்துதான் போனது. அப்போது நாங்கள் யார் பார்ப்பதற்காகப் போட்டோம் என்று உங்கள் கட்டுரையாளர் சொல்லட்டும்.

2014ல் என் வீட்டுக்காரர் தவறிவிட்டார். காரியத்தன்று பொட்டை எடுத்தார்கள். பூ கூடாது, மை கூடாது, கலர் புடவைகூட யோசித்துத்தான் கட்ட வேண்டும். பெண்ணுக்கு அப்போது பத்து வயது, வேலைக்குப் போகாமல் சோறு கிடையாது. ஒரு மாதம் கழித்துக் கடைக்குப் போனால் சூப்பர்வைசர் என் நெற்றியைப் பார்த்துவிட்டு, கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்கள் முன்னால் இப்படி நிற்கக் கூடாது, ஒன்று பொட்டு வை, இல்லை குடோனுக்குப் போ என்றார். குடோனில் சம்பளம் குறைவு. ஊரில் பொட்டு வைக்கக் கூடாது, கடையில் வைக்காமல் இருக்கக் கூடாது. நான் என்ன செய்வேன்?

வெறும் நெற்றியோடு பஸ் ஏறி, தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் ஒரு தூணுக்குப் பின்னால் நின்று ஸ்டிக்கர் பொட்டு வைத்துக்கொள்வேன். ராத்திரி திரும்பும் பஸ்ஸில் அதை எடுத்து, கூடைக்குள் கையை விட்டு, சோற்று டப்பாவின் அடியில் ஒட்டிவிடுவேன். மறுநாளுக்கு ஆகும், யார் கண்ணிலும் படாது. இப்படியே பல மாதம் ஓடியது. ஒரு நாள் என் பெண் டப்பாவைக் கழுவிக் கவிழ்க்கும்போது அடியில் சிவப்பாக ஒரு பொட்டு ஒட்டியிருப்பதைப் பார்த்துவிட்டாள். நான் எதுவும் சொல்லவில்லை. அவளே நகத்தால் மெதுவாக எடுத்து, அதில் பசை போய்விட்டது என்று சொல்லி, தன் அட்டையிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்து என் நெற்றியில் வைத்தாள். "எடுக்காதம்மா, இப்பத்தான் நீ நீ மாதிரி இருக்க" என்றாள். அதற்கப்புறம் நான் எடுக்கவில்லை.

மறுநாள் காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர் ஒருவர், என் காதில் விழும்படியே, "புருஷன் போயிட்டான், இப்ப யாரு பார்க்க இந்த அலங்காரம்" என்றார். அவரை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும், அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். ஐயா, அவர் டீக்கடையில் கேட்டதைத்தான் நீங்கள் அச்சில் போட்டிருக்கிறீர்கள். கோபம் அதனால்தான்.

ஆண்கள் மேக்கப் போடாதவர்களா? எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடந்தால் விடிய விடியக் கூத்து. திரௌபதி வேஷம் கட்டுகிறவர் ஓர் ஆண்தான். கொட்டகைக்குப் பின்னால் கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு அரிதாரம் பூசி, மை தீட்டி, சவுரி முடி வைத்துக் கட்டவே மணிக்கணக்கில் ஆகும். அவர் மேடைக்கு வந்தால் ஊரே கைகூப்பும். யாரைப் பார்க்க இந்த அலங்காரம் என்று அவரிடம் ஒருவரும் கேட்டதில்லை, கேட்கவும் கூடாது, அது அவர் தொழில், பக்தி. மீசைக்கு டை அடிக்கிற மாமாக்களையும், முகூர்த்தத்துக்கு முதல் நாள் சலூனில் ப்ளீச் பண்ணிக்கொள்ளும் மாப்பிள்ளைகளையும்கூட யாரும் கேட்பதில்லை.

என் பெண் இப்போது ஓசூர் பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை செய்கிறாள். உள்ளே தூசி போகக் கூடாது என்பதால் பவுடர், மை எதுவும் போடக் கூடாது. தலைக்குத் தொப்பி, வாய்க்கு மாஸ்க், உடம்பு முழுக்கக் கோட்டு, கண் மட்டும்தான் வெளியே தெரியும். லீவுக்கு வீட்டுக்கு வந்தால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பீரோ கண்ணாடி முன்னால் நின்று அடர் சிவப்பில் லிப்ஸ்டிக் போடுவாள். உதட்டை மடித்து, திறந்து, தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பார்ப்பாள். எங்கேயும் போக மாட்டாள். வீட்டில் நானும் அவளும் மட்டும்தான், ஆண் வாசனையே கிடையாது. அப்புறம் உட்கார்ந்து கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் சாப்பிடுவாள், லிப்ஸ்டிக் பாதி களியோடு போய்விடும். ஆறு நாள் மூடிவைத்த முகத்தை ஏழாவது நாள் அவளே பார்த்துக்கொள்கிறாள். உங்கள் கட்டுரையில் இதற்கு எங்கே இடம்?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். கட்டுரைக்கு எதிர்ப் பக்கத்திலேயே ஏழு நாளில் சிவப்பழகு என்று ஒரு க்ரீம் விளம்பரம். ஃபேர் அண்ட் லவ்லிகூட 2020ல் பெயரில் இருந்த ஃபேரை எடுத்துவிட்டது, நீங்கள் இன்னும் சிவப்பை விடவில்லை. 2019ல் எனக்குக் கன்னத்தில் மங்கு, அதாவது கருந்திட்டு, வந்தது. கடையில் முகத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். கூட வேலை செய்த பெண் சொன்னாள் என்று ஒரு மெடிக்கலில் சின்ன ட்யூப் வாங்கினேன், டாக்டர் சீட்டு கேட்கவில்லை, கொடுத்துவிட்டார்கள். நாலு மாதம் முகம் பளிச்சென்று இருந்தது. நிறுத்தியதும் எரிச்சல், சிவப்பு, தோல் மெலிந்து நரம்பு தெரிந்தது, தாடையில் முடிகூட வளர்ந்தது. வெயிலில் நடக்க முடியவில்லை. அரசு மருத்துவமனை டாக்டரம்மா ட்யூபை வாங்கிப் பார்த்துவிட்டு, இதில் ஸ்டீராய்டு இருக்கிறது, க்ளோபெட்டசால், மொமெட்டசோன் மாதிரி மருந்தெல்லாம் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018லேயே உத்தரவு போட்டாகிவிட்டது என்றார். ட்யூபில் எச்சரிக்கை இருந்தது, ஆங்கிலத்தில், எறும்பு மாதிரி எழுத்தில்.

அந்தக் கட்டுரைக்கு மறுப்பு போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அதே பக்கத்தில் ஒரு தோல் டாக்டரிடம் கேட்டு, முகத்துக்குப் பூசும் க்ரீமில் எந்தப் பெயர் இருந்தால் வாங்கக் கூடாது என்று தமிழில், கொஞ்சம் பெரிய எழுத்தில், ஒரு பெட்டிச் செய்தி போட்டால் போதும். வெட்டி எடுத்து எங்கள் பழைய கடைப் பெண்களிடம் கொடுப்பேன், இப்போதும் பாதிப் பேர் அந்த ட்யூபைத்தான் பூசுகிறார்கள்.

என் பெயரைப் போட வேண்டாம். ஊர்ப் பெயர் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காரிமங்கலம், தர்மபுரி மாவட்டம்