மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள் குறித்து நண்பருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் கடல் உயிரியல் படிக்க இடம் கிடைத்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. பவளப்பாறை கல்லா, செடியா, விலங்கா என்று அவள் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். மன்னார் வளைகுடாக் கரையிலுள்ள மண்டபம் ஊரில் குடியிருந்துகொண்டு இதற்குப் பதில் எழுதாமல் இருப்பது முறையாகாது.

இங்கு பவளக்கல்லால் கட்டிய பழைய வீடுகளின் சுவரில் காரை உதிர்ந்த இடத்தைப் பார்த்தால், கல் முழுவதும் சிறு குழிகளும், ஒவ்வொரு குழிக்குள்ளும் நடுவை நோக்கி நீளும் மெல்லிய தகடுகளும் தெரியும். ஒவ்வொரு குழியும் ஒரு பாலிப் வாழ்ந்த கூடு. மெத்தென்ற உடலும் வாயைச் சுற்றி உணர்கொம்புகளும் கொண்ட இந்த விலங்கு, இளம்பருவத்தில் நீரில் மிதந்து வந்து, கெட்டியான தரை கிடைத்ததும் ஒட்டிக்கொண்டு, கடல்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தால் தன் அடியில் கூடு கட்டுகிறது. பிறகு மொட்டுவிட்டுப் பெருகுகிறது. பழைய கூடுகளின்மேல் புதியவை எழும்ப, உடைந்த துண்டுகளையும் மணலையும் சுண்ணாம்புப் பாசிகள் பிணைத்து இறுக்க, பல நூறு ஆண்டுகளில் அது பாறையாகிறது. உயிர் இருப்பதோ மேலேயுள்ள மெல்லிய படலத்தில் மட்டும்தான்.

அந்தப் படலத்துக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை வெயிலில் சமைக்கும் உணவின் பெரும்பகுதி பவளத்துக்கே போகிறது. பவளத்தின் கழிவு பாசிக்கு உரமாகிறது. சத்துக் குறைந்த தெளிந்த நீரில் இத்தனை உயிர்கள் பிழைப்பது இந்தக் கொடுக்கல் வாங்கலால்தான். கடல்தரையில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத பவளப்பாறைகளை, கடல் உயிரினங்களில் ஏறத்தாழ கால்வாசி அண்டியிருக்கின்றன. சிங்கி இறால் பகலெல்லாம் பொந்தில் பதுங்குகிறது. கிளிமீன் பாசியைச் சுரண்டித் தின்று, புதிய பவளம் ஒட்ட இடம் விடுகிறது. நம் மீனவர்கள் ‘பார்’ எனப்படும் கடலடிப் பாறை இருக்கும் இடம் பார்த்து வலை விடுவதும் இதனால்தான்.

எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் தூத்துக்குடிப் பக்கம் பல்லாண்டுகள் பவளத்தை வெட்டினார்கள். அலையைத் தடுக்கப் பாறை இல்லாமல் போனதே, வளைகுடாவின் 21 தீவுகளில் 2 மூழ்கியதற்குப் பெரிய காரணம் என்கிறார்கள். வெட்டுவது நின்றது, இப்போது வெப்பம் வந்திருக்கிறது. 2010இலும் 2016இலும் கடல் சூடேறியபோது பவளங்கள் பாசியை இழந்து வெளுத்தன. வெளுத்தது உடனே சாவதில்லை, நீர் சீக்கிரம் குளிர்ந்தால் தேறும். நாள் நீண்டால் பட்டினியில் மடியும்.

விடுமுறையில் அவளை அழைத்து வாருங்கள். கரையில் ஒதுங்கிய துண்டாக இருந்தாலும் பவளத்தை எடுத்துச் செல்லக் கூடாது, அது வனவிலங்குச் சட்டப்படி குற்றம் என்பதை மட்டும் முன்பே சொல்லி வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்