மருந்து எழுதும் முன் வேரைப் பார்க்கச் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் விவசாயப் பக்கத்தை விடாமல் படிக்கிறவன் நான். தக்காளி வாடுகிறது என்று யாராவது கேட்டால் எந்த மருந்தை எத்தனை மில்லி அடிப்பது என்று போடுகிறீர்கள், சரி. ஆனால் செடி ஏன் வாடுகிறது, அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று நாலு வரி வருவதில்லை. அது தெரியாமல் போன வருஷம் ஒரு போகத்தையே இழந்தேன்.

நட்டு நாற்பது நாள் இருக்கும். உச்சி வெயிலில் துவண்டு நிற்கிற செடி பொழுது சாய்ந்தால் நிமிர்ந்துவிடும். ஈரம் போதவில்லை என்று தண்ணீர் கட்டினேன். இலை மஞ்சளானதும் கடையில் போய்ச் சொன்னால் சத்துக் குறைவு என்று ஒரு டானிக்கும் கூடவே பூஞ்சாண மருந்தும் கொடுத்தார்கள், இரண்டையும் ஊற்றினேன், ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் ஒரு செடியைப் பிடுங்கி வாளித் தண்ணீரில் அலசினேன். வேர் முழுக்கப் பாசிமணி கோத்த மாதிரி முண்டு முண்டாக இருந்தது. பக்கத்துத் தோட்டத்து அண்ணன், "கடலை வேரில் இருக்குமே அதுதானே, நல்லதுதான்" என்றார். இல்லை. கடலை, உளுந்து முடிச்சு வேரின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும், நகத்தால் தட்டினால் உதிரும், நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். இதில் வேரே வீங்கியிருக்கிறது, பிய்த்தால் வேரும் சேர்ந்து அறுந்து வருகிறது.

இது வேர்முடிச்சு நூற்புழு. குஞ்சு அரை மில்லிமீட்டர் அளவுதான், வெறும் கண்ணுக்குத் தெரியாது. வாயில் ஊசி மாதிரி ஒன்று இருக்கிறது, அதனால் வேர் நுனியைக் குத்தி, செல் சுவரைக் கரைக்கும் நொதிகளைத் துப்பிக்கொண்டே உள்ளே நுழைகிறது. அந்த நொதிகளுக்கான மரபணுக்களே ஒரு காலத்தில் பாக்டீரியாவிடமிருந்து இதற்கு வந்து சேர்ந்தவை என்கிறார்கள். நான் அசந்துபோனது இதற்கு அடுத்த கட்டத்தில்தான். அது செல்லைக் கொல்வதில்லை. வேருக்குள் தண்ணீரை மேலே ஏற்றுகிற நீர்க்குழாய் ஓரமாக ஐந்தாறு செல்களைப் பிடித்து, ஊசி வழியாகப் புரதங்களைச் செலுத்தி அவற்றைத் தன் வேலைக்கு மாற்றிக்கொள்கிறது. அப்படிச் செலுத்துவதில் ஒன்று வெறும் 13 அமினோ அமிலம் கொண்ட சின்னத் துண்டு, அது செடியின் வேர் வளர்ச்சியை நடத்துகிற புரதத்தையே போய்ப் பிடித்துக்கொள்கிறது. செல் பிரியாமல் உட்கரு மட்டும் திரும்பத் திரும்பப் பிரிய, ஒரே செல்லுக்குள் நூறு உட்கரு வரைக்கும் சேர்ந்து அது பூதாகரமாக வீங்குகிறது. இலை தயாரித்த சர்க்கரை காய்க்குப் போகாமல் இங்கே வருகிறது, பக்கத்தில் நீர்க்குழாய் நசுங்கிக் கோணுகிறது, பகலில் செடி துவளுகிறது. ஆண் துணையே இல்லாமல் ஒரு பெண் புழு நூற்றுக்கணக்கில் முட்டை இடும், சூடான மண்ணில் ஒரு மாதத்துக்குள் அடுத்த தலைமுறை. நான் ஊற்றிய டானிக் எங்கே போயிருக்கும் என்று நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

இதே மாதிரி வாடுகிற இன்னொரு நோய் பாக்டீரியா வாடல். அதில் செடி பச்சையாகவே தொங்கிவிடும், சாயங்காலமும் எழுந்திருக்காது. தண்டை வெட்டிக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் தொங்கவிட்டால் கொஞ்ச நேரத்தில் வெட்டுவாயிலிருந்து பால் நூல் மாதிரி இறங்கும். அவ்வளவும் ரால்ஸ்டோனியா பாக்டீரியாவும் அது சுரக்கிற பசையும்தான், அந்தப் பசைதான் நீர்க்குழாயை அடைக்கிறது. இதற்கும் நுண்ணிய ஊசி உண்டு, அதன் வழியாகப் புரதங்களை ஏற்றிச் செடியின் எதிர்ப்பை அடக்குகிறது. நூற்புழு போட்ட ஓட்டை இதற்கு வாசல் ஆகிவிடுகிறது. சாதாரணப் பூஞ்சாண மருந்துக்கு இந்த இரண்டில் எதிலும் வேலையே இல்லை.

விதைப் பாக்கெட்டில் 'நூற்புழு எதிர்ப்பு' என்று போட்டிருந்தால் அதைப் பற்றியும் எழுதுங்கள். பெரும்பாலும் அது எம்ஐ-1 என்ற மரபணு, 1940-களில் தென் அமெரிக்கக் காட்டுத் தக்காளியிலிருந்து நம் தக்காளிக்கு மாற்றப்பட்டது. புழு செல்லைப் பிடித்ததும் அந்த இடத்துச் செல்கள் தாமே மடிந்து அதைப் பட்டினி போடும். ஆனால் மண் வெப்பம் 28 டிகிரியைத் தாண்டினால் இந்த எதிர்ப்பு தளர்ந்துவிடுகிறது. சித்திரையில் எங்கள் ஊர் மண்ணில் கை வைக்க முடியாது! கொய்யாவை அழிக்கிற என்டிரோலோபி என்ற நூற்புழு வகையோ எந்த வெப்பத்திலும் இதைத் தாண்டிவிடும். காசு கொடுத்து வாங்குகிறவனுக்கு இதைச் சொல்ல வேண்டாமா?

நட்டது போகக் குழித்தட்டில் பத்துப் பன்னிரண்டு நாற்று மிச்சம் இருந்தது. அதையும் பிறகு அலசினேன், கடுகு அளவில் முடிச்சு. வாங்கி வந்த நாற்றோடேயே வந்திருக்கிறது. கொய்யாப் பதியனும் பையில் இருக்கிற மண்ணோடு இப்படித்தான் ஊர் ஊராகப் போகிறது. நாற்றுப் பண்ணைகளில் மண்ணையும் வேரையும் சோதித்து, சான்று கொடுத்த பிறகே விற்க வேண்டும் என்று நீங்கள் எழுதினால் அதிகாரிகள் காதில் விழும். கூடவே கடலை முடிச்சையும் நூற்புழு முடிச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு கலர் படம் போடுங்கள், கத்தரித்து மோட்டார் ரூமில் ஒட்டிக்கொள்கிறோம்.

என் வயலில் இப்போது செண்டுமல்லி நிற்கிறது. அதன் வேரில் நூற்புழுவைக் கொல்லும் பொருள் இருக்கிறது. அறுவடை முடிந்ததும் கோடை உழவு போட்டு மண்ணைக் காயவிட்டு, வேப்பம் பிண்ணாக்கு இட்ட பிறகுதான் மறுபடி தக்காளி.

இப்படிக்கு,
ஒரு தக்காளி விவசாயி,
ஒட்டன்சத்திரம் வட்டாரம்.